இந்தியாவின் தேசியப் பல்லுயிர்ப் பாதுகாப்புக் கொள்கை: ஒரு வரலாறு

இந்தியாவின் பல்லுயிர்ப் பாதுகாப்புக் கொள்கை என்பது ஒரே ஆவணத்தில் அடங்கியதன்று. 1999ஆம் ஆண்டின் கொள்கை அறிக்கை, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 2008ஆம் ஆண்டின் தேசியச் செயல்திட்டம், 2014இல் அதனுடன் சேர்க்கப்பட்ட 12 இலக்குகள், 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், 2024இல் வெளியான 23 இலக்குகள் ஆகிய அனைத்தும் சேர்ந்தே அக்கொள்கையாகக் கருதப்படுகின்றன. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 2.4 விழுக்காடு மட்டுமே கொண்ட இந்தியாவில், பதிவு செய்யப்பட்ட உயிரினங்களில் 7 முதல் 8 விழுக்காடு வரை வாழ்கின்றன. ஆனால் இக்கொள்கையின் வரலாற்றை நடத்திச் சென்றது இந்த எண்ணிக்கை அன்று. ஒரு செடியும் அதைப் பற்றிய அறிவும் யாருக்கு உரியவை என்ற கேள்வியே ஒவ்வொரு கட்டத்திலும் சட்டத்தை முன்னோ பின்னோ தள்ளியது.

முன்வரலாறு

காலனிய அரசு காட்டைக் காத்ததெல்லாம் பெரும்பாலும் மரத்துக்காகவும் யானைக்காகவுமே. சென்னை மாகாணம் 1873இல் காட்டு யானைகளைக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. 1879இல் அது போன்ற சட்டம் பிற பகுதிகளுக்கும் வந்தது. 1878, 1927 ஆகிய ஆண்டுகளின் வனச் சட்டங்கள் காட்டை அரசின் உடைமையாக்கி, அங்கே வாழ்ந்தவர்களைச் சலுகை பெறுபவர்களாக மாற்றின.

தாவரங்கள் நாடுவிட்டு நாடு செல்வதை அக்காலத்தில் எவரும் களவு என்று எண்ணவில்லை. மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனா மரத்தின் விதைகளும் நாற்றுகளும் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து கிளமன்ட்ஸ் மார்க்கம் குழுவினரால் எடுத்து வரப்பட்டு, 1860 முதல் நீலகிரியில் நடப்பட்டன. அவை அங்கிருந்து வெளியேறுவதை ஆண்டிஸ் நாடுகள் விரும்பவில்லை. பின்னாளில் தன் தாவர வளம் சூறையாடப்படுவதாக இந்தியா முறையிட்டபோது, நீலகிரியின் இந்தப் பழங்கதை எவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

விடுதலைக்குப் பின் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1973இல் ஒன்பது காப்பகங்களுடன் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வந்தன. 1976இல் அரசமைப்பின் 42ஆவது திருத்தம் காடுகளையும் காட்டுயிர்களையும் காப்பதை அரசின் நெறியாகவும் குடிமக்களின் கடமையாகவும் சேர்த்தது. இவை பெரிய விலங்குகளையும் எல்லையிட்ட காடுகளையும் மையமாகக் கொண்டவை. வயலில் விளையும் நெல் வகைகளோ, வேலியோர மூலிகைகளோ இவற்றின் பார்வையில் படவில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் திட்டத்துக்கு எதிரான போராட்டம் இந்தப் பார்வையைச் சற்று மாற்றியது. அங்கே அழியவிருந்தது சிங்கவால் குரங்கு மட்டுமல்ல, இன்னும் பெயரிடப்படாத எண்ணற்ற உயிர்களும்தான் என்ற வாதம் அப்போதுதான் பொதுவெளியில் வலுப்பெற்றது. 1984இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பொதுச்சொத்திலிருந்து இறையாண்மைக்கு

1983இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு ஏற்றுக்கொண்ட உடன்பாடு, தாவர மரபு வளங்களை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்றது. கேட்பதற்கு இது பெருந்தன்மையாகத் தோன்றும். நடைமுறையில், ஏழை நாட்டு உழவரின் விதை பொதுச்சொத்தாக வெளியே சென்று, காப்புரிமை பெற்ற தனிச்சொத்தாகத் திரும்பி வந்தது. இதற்கு வளரும் நாடுகள் அளித்த மறுமொழியே 1992 மே 22 அன்று நைரோபியில் இறுதி செய்யப்பட்டு, ஜூன் மாதம் ரியோ டி ஜெனிரோ புவி உச்சி மாநாட்டில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கை.

அவ்வுடன்படிக்கை உயிர் வளங்கள் மீது அந்தந்த நாட்டுக்கே இறையாண்மை உண்டு என்றது. அவற்றைப் பயன்படுத்துவோர் முன்னொப்புதல் பெற வேண்டும், கிடைக்கும் பயனைப் பகிர வேண்டும் என்றும் விதித்தது. அதன் 8(ஒ) பிரிவு, பழங்குடிகள் மற்றும் உள்ளூர்ச் சமூகங்களின் மரபறிவை மதித்துக் காக்க வேண்டும் என்றது. இந்தியா 1992 ஜூன் 5 அன்று கையெழுத்திட்டு, 1994 பிப்ரவரி 18 அன்று உறுதி செய்தது. இங்கே ஒரு நுட்பமான இடைவெளி உள்ளது. உடன்படிக்கை உரிமையை நாட்டுக்குத்தான் கொடுத்தது. அந்த நாடு அதைக் காட்டிலும் வயலிலும் வாழும் மக்களுக்குக் கொடுக்குமா என்பது நாட்டின் விருப்பத்துக்கே விடப்பட்டது. பின்வந்த சிக்கல்கள் பலவற்றின் வேர் இதுவே.

மஞ்சளும் வேம்பும்

1995இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கான அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அடிபட்ட இடத்தில் மஞ்சள் வைப்பது இந்தியாவில் எந்த வீட்டிலும் நடப்பது. ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் ஒன்று வழக்கத்தில் இருந்தது என்று சொன்னால் மட்டும் போதாது. அது அச்சில் வெளிவந்திருக்க வேண்டும். பாட்டியின் கைவைத்தியம் சான்றாகாது. ஆர். ஏ. மஷேல்கர் தலைமையிலிருந்த அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் முப்பதுக்கும் மேற்பட்ட எழுத்துச் சான்றுகளைத் திரட்டி 1996இல் எதிர்த்தது. அவற்றில் இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953இல் வந்த ஒரு கட்டுரையும் இருந்தது. 1997இல் காப்புரிமை நீக்கப்பட்டது.

வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சை நோய்களைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றிருந்தன. வந்தனா சிவா உள்ளிட்டோர் அதை எதிர்த்தனர். 2000இல் அது நீக்கப்பட்டு, 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. ரைஸ்டெக் நிறுவனம் 1997இல் பெற்ற பாசுமதி அரிசிக் காப்புரிமையின் பெரும்பகுதி 2001இல் விலக்கப்பட்டது. இந்த அனுபவத்தின் விளைவாக மரபறிவு எண்ணிமக் களஞ்சியம் 2001இல் தொடங்கப்பட்டது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி நூல்களின் மருந்துக் குறிப்புகளை அயல்நாட்டுக் காப்புரிமை அலுவலர்கள் தேடிப் பார்க்கும் வடிவில் அது தொகுத்தது.

இவ்வெற்றிகள் இந்திய இதழ்களில் பெரிதாகக் கொண்டாடப்பட்டன. ஆனால் இவை தடுத்தவை மட்டுமே. எந்த உழவருக்கும் வைத்தியருக்கும் இவற்றால் ஒரு காசும் வரவில்லை. நூலில் எழுதப்படாத அறிவை, அதாவது காட்டில் வாழ்பவர்களின் வாய்மொழி அறிவை, இந்த வழியால் காக்கவும் முடியாது.

காணிகளும் ஆரோக்கியப்பச்சையும்

வாய்மொழி அறிவு எப்படி மதிக்கப்படலாம் என்பதற்கு உலகம் முழுதும் எடுத்துக்காட்டப்பட்ட நிகழ்வு அகத்தியமலையில் நடந்தது. 1987இல் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வாளர் குழு, காணிப் பழங்குடியினரை வழிகாட்டிகளாகக் கொண்டு மலையேறியது. ஆய்வாளர்கள் களைத்துப்போக, வழிகாட்டிகள் மட்டும் சோர்வின்றி நடந்தனர். அவர்கள் இடையிடையே ஒரு சிறு கனியை உண்டுவந்தனர். அது எந்தச் செடியின் கனி என்பதை முதலில் வெளியாருக்குச் சொல்ல அவர்கள் தயங்கினர், பிறகு காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனம் அச்செடியின் இலையிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூரின் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டு உற்பத்தி உரிமை தரப்பட்டது. கட்டணம் 10 இலட்சம் ரூபாய், விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அப்போது இந்தியாவில் அவ்வாறு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. பணத்தைப் பெறுவதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது; 1999இல் ஏறத்தாழ 5 இலட்சம் ரூபாய் அதற்கு வந்து சேர்ந்தது.

இக்கதை மாநாடுகளில் இதோடு முடிக்கப்படுவது வழக்கம். மலையில் அது முடியவில்லை. ‘பிலாத்தி’ எனப்படும் காணி மருத்துவர்கள் சிலர், சமூகத்தின் மறைபொருளான அறிவை விற்பதை எதிர்த்து 1995இலேயே கேரள முதலமைச்சருக்கு எழுதினர். இளைஞர் இருவர் சொன்னதை முழுச் சமூகத்தின் ஒப்புதலாகக் கொள்ள முடியுமா என்ற கேள்வி அதில் இருந்தது. இன்னொரு தடை வனத்துறையிலிருந்து வந்தது. செடி வளர்வது காப்புக் காட்டில். இலையைப் பறித்து விற்கக் காணிகளுக்கு அனுமதி இல்லை என்றது துறை. அறிவுக்கு உரிமையாளர் என்று ஏற்கப்பட்டவர், செடியைத் தொட உரிமையற்றவராக இருந்தார். மேலும், பெயரே சொல்வதுபோல் அது கேரளக் காணிகளின் அறக்கட்டளை. அதே மலையின் கிழக்கே, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் வாழும் காணிகள் மாநில எல்லைக்கு மறுபுறத்தவராயினர்.

சட்டம் உருவான விதம்

எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான குழு 1990களின் பிற்பகுதியில் சட்ட வரைவுக்கு அடித்தளமிட்டது. சூழலியலாளர் மாதவ் காட்கில் வரைவுப் பணியில் பங்கேற்று, ஊர்மட்டக் குழுக்கள் வேண்டும் என்பதை வலியுறுத்தினார். மசோதா 2000 மே மாதம் மக்களவையில் வைக்கப்பட்டு, நிலைக்குழுவுக்குச் சென்று திரும்பி, 2002 டிசம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறியது.

அதே மாதங்களில் ராய்ப்பூரில் நடந்த ஒரு விவகாரம் சட்டத்தின் தேவையை எவரும் விளக்காமலே விளக்கியது. நெல் அறிஞர் ஆர். எச். ரிச்சாரியா சத்தீஸ்கர் உழவர்களிடமிருந்து திரட்டிய 19,000க்கும் மேற்பட்ட நெல் வகைகள் அங்குள்ள இந்திரா காந்தி வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்தன. அத்தொகுப்பைப் பயன்படுத்தப் பன்னாட்டு நிறுவனமான சின்ஜென்டாவுடன் பல்கலைக்கழகம் உடன்பாடு செய்ய முனைந்த செய்தி வெளியானதும் உழவர்களும் ஊர்மக்களும் தெருவில் இறங்கினர். டிசம்பரில் நிறுவனம் பின்வாங்கியது. அதைத் தடுத்தது மக்கள் எதிர்ப்பு மட்டுமே. அந்நாளில் அதைத் தடுக்கும் சட்டம் நடைமுறையில் இல்லை.

சட்டத்தின் கட்டமைப்பு மூன்றடுக்கு கொண்டது. மேலே தேசியப் பல்லுயிர் ஆணையம்; 2003 அக்டோபர் 1 அன்று அமைக்கப்பட்ட இது, தில்லியில் அல்லாமல் சென்னையில் இயங்குகிறது. நடுவில் மாநில வாரியங்கள். அடியில் ஒவ்வோர் ஊராட்சியிலும் நகராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு. வெளிநாட்டவரும் வெளிநாட்டுப் பங்குள்ள நிறுவனங்களும் உயிர் வளத்தைப் பெற ஆணையத்தின் முன்னனுமதி வேண்டும். இந்திய வளத்தின் அடிப்படையில் எவர் காப்புரிமை கோரினாலும் அனுமதி வேண்டும். இந்திய நிறுவனங்கள் மாநில வாரியத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் மக்களுக்கும் நாட்டு வைத்தியர்களுக்கும் விலக்கு உண்டு. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை.

கூடவே ஒரு பெரிய கதவும் திறந்து வைக்கப்பட்டது. சந்தையில் வழக்கமாக விற்பனையாகும் பண்டங்களைச் சட்டத்திலிருந்து விலக்க 40ஆவது பிரிவு இடமளித்தது. 2009இல் அவ்வாறு 190 தாவரங்கள் அறிவிக்கப்பட்டன.

மக்கள் எழுதிய திட்டமும் அரசு ஏற்ற திட்டமும்

1999இன் கொள்கை அறிக்கை அமைச்சகத்துக்குள் எழுதப்பட்டது. அதற்கு அடுத்த முயற்சி முற்றிலும் வேறுவிதமானது. 2000 முதல் கல்பவிருட்சம் என்ற தன்னார்வ அமைப்பு ஒருங்கிணைக்க, நாடு முழுதும் எழுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர், மாநில, வட்டாரத் திட்டங்கள் எழுதப்பட்டன. கூட்டங்கள், திருவிழாக்கள், பேரணிகள் வழியாகப் பல்லாயிரக்கணக்கானோர் பங்கேற்றனர். தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் சிறுதானியம் பயிரிடும் தலித் பெண்கள், மாட்டு வண்டிகளில் விதைகளை ஊர்வலமாக எடுத்துச் சென்று ஊர் ஊராகக் கூடிப் பேசியதும் இதன் பகுதியானது.

பெருந்திட்டங்களும் சுரங்கங்களும் பல்லுயிரை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை அந்த இறுதி அறிக்கை வெளிப்படையாகப் பேசியது. அமைச்சகம் அதை ஏற்கவில்லை. எழுதியவர்களே 2005இல் அதைத் தனியாக வெளியிட்டனர். 2008இல் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற தேசியச் செயல்திட்டம் வேறோர் ஆவணம். அளவில் சிறியது, தொனியில் மென்மையானது. இந்தியாவில் கொள்கை வகுப்பதில் மக்கள் பங்கேற்பு எவ்வளவு தூரம் செல்லலாம், எங்கே நிறுத்தப்படும் என்பதை இந்த இரு ஆவணங்களையும் அருகருகே வைத்தாலே அறியலாம்.

பதிவேடுகள்

ஊரின் உயிர்வளங்களையும் அவை பற்றிய அறிவையும் ஊராரே எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, சட்டத்துக்கும் முந்தியது. காட்கிலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990களின் நடுவில் இதைத் தொடங்கினர். கண்ணூர் மாவட்டத்தின் பட்டுவம் ஊராட்சி 1997இலேயே தன் வளங்கள் மீது தனக்கு உரிமை உண்டென அறிவித்தது. சட்டம் இதை ஊராட்சிகள் அனைத்துக்கும் கட்டாயமாக்கியது.

பத்தாண்டுகளுக்கு மேல் பெரும்பாலான மாநிலங்கள் அசையவில்லை. 2016இல் ஒரு தனிமனிதர் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தபோது, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் உள்ளாட்சிகளில் பத்தாயிரத்துக்கும் குறைவானவற்றிலேயே குழுக்கள் இருந்தன. தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31ஐக் கெடுவாக வைத்து, தவறும் மாநிலம் மாதம் 10 இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதன்பின் எண்ணிக்கை பாய்ந்து ஏறிக் குழுக்கள் 2,70,000ஐத் தாண்டின. ஒரு பதிவேட்டை ஒழுங்காக எழுத, எல்லாப் பருவங்களிலும் ஊரைச் சுற்றி வந்து முதியவர்களிடம் கேட்க வேண்டும், ஓராண்டாவது ஆகும். அபராதத்துக்கு அஞ்சிச் சில மாதங்களில் எழுதப்பட்டவற்றில் எத்தனை அவ்வாறு எழுதப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

கடற்பாசியும் கத்தரியும்

சட்டத்தின் கீழ் முதலில் நடந்த பயன் பகிர்வு தமிழ்நாட்டுக் கடற்கரையைச் சேர்ந்தது. இராமநாதபுரம் பகுதிக் கடலில் வளர்க்கப்பட்ட காப்பாபைக்கஸ் என்ற கடற்பாசியைப் பெப்சிகோ நிறுவனம் ஏற்றுமதி செய்து, ஆணையத்துக்கு உரிமத்தொகை செலுத்தியது. அப்பாசியை மூங்கில் மிதவைகளில் வளர்த்தவர்கள் பெரும்பாலும் மகளிர் குழுக்களைச் சேர்ந்த மீனவப் பெண்கள். ஆனால் அந்தப் பாசி இந்தியக் கடலுக்கு உரியதன்று. பிலிப்பைன்சைத் தாயகமாகக் கொண்டது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே அது பவளப்பாறைகள் மீது படர்வது 2008இல் ஆய்விதழில் பதிவானது. நாட்டின் பல்லுயிரைக் காக்கும் சட்டம் ஈட்டிய முதல் வருவாய், நாட்டின் பவளத்தை மூடும் ஓர் அயல் உயிரிலிருந்து வந்தது.

மரபணு மாற்றக் கத்தரியின் கதை நீதிமன்றம் வரை சென்றது. அதற்காகக் கருநாடகத்தின் ஆறு உள்ளூர் வகைகளும், தமிழ்நாட்டின் கோ 2, எம்.டி.யூ. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 ஆகிய நான்கும் பயன்படுத்தப்பட்டன. இதற்கு உரிய முன்னனுமதி பெறப்படவில்லை என்று பெங்களூரைச் சேர்ந்த ஒரு சூழல் அமைப்பு 2010இல் முறையிட்டது. மகிகோ நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுக்க ஆணையம் 2011இல் முடிவு செய்தது. இவ்வகைகளைத் தந்தவை அரசின் வேளாண் பல்கலைக்கழகங்களே என்பதால் வழக்கில் அவற்றின் அதிகாரிகளும் எதிர்தரப்பாயினர். சட்டம் எழுதப்பட்டபோது கொள்ளையர் வெளியிலிருந்து வருவார் என்றே எண்ணப்பட்டது. வாசல் உள்ளிருந்து திறக்கப்படக்கூடும் என்பது இவ்வழக்கில்தான் தெரிந்தது.

திவ்யா பார்மசி தீர்ப்பும் திருத்தமும்

2010இன் நகோயா நெறிமுறையை, ஐதராபாத்தில் உறுப்பு நாடுகளின் 11ஆவது மாநாடு நடந்த 2012 அக்டோபரில் இந்தியா உறுதி செய்தது. அதையொட்டி 2014இல் பயன் பகிர்வு வழிகாட்டு விதிகள் வெளியாயின. உள்நாட்டு நிறுவனங்களும் பங்கு தரவேண்டும் என்று அவை சொன்னபோது, சட்டத்தில் எங்கள் கடமை தெரிவிப்பது மட்டுமே என்று ஆயுர்வேத மருந்து நிறுவனமான திவ்யா பார்மசி உத்தராகண்ட் உயர் நீதிமன்றத்தை நாடியது. 2018 டிசம்பர் 21 அன்று நீதிபதி சுதான்ஷு துலியா அவ்வாதத்தை மறுத்தார். உள்ளூர்ச் சமூகங்களின் உரிமையைக் காப்பதே நோக்கம் என்றால், அவர்களிடமிருந்து எடுப்பவர் இந்தியரா அயல்நாட்டவரா என்பது பொருட்டல்ல என்பதே தீர்ப்பின் சாரம். மஞ்சள் வழக்கின் காலத்தில் ‘நாடு எதிர் அயலார்’ என்றிருந்த கேள்வி, முதன்முறையாக ‘சமூகம் எதிர் நிறுவனம்’ என்று மாறியது.

மூன்றாண்டுகளுக்குள், 2021 டிசம்பரில், திருத்த மசோதா வந்தது. 2023 ஆகஸ்டில் நிறைவேறி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள அத்திருத்தம், பதிவுபெற்ற ஆயுஷ் மருத்துவர்களுக்கும் பயிரிடப்பட்ட மூலிகைகளுக்கும் நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவின் பயன்பாட்டுக்கும் விலக்களித்தது. சிறைத்தண்டனை நீக்கப்பட்டது, அதன் இடத்தில் 1 இலட்சம் முதல் 50 இலட்சம் ரூபாய் வரையிலான அபராதம் வந்தது. ஆய்வையும் மருந்துத் தொழிலையும் எளிதாக்குவதே நோக்கம் என்று அரசு கூறியது. அதில் ஓரளவு உண்மை உண்டு: பழைய விதிகளால் ஓர் இந்திய ஆய்வாளர் தன் மாதிரிகளை வெளிநாட்டுச் சக ஆய்வாளருக்கு அனுப்புவதும் பெரும்பாடாக இருந்தது. ஆனால் நூலேறிய அறிவுக்கும் காட்டில் வாழும் அறிவுக்கும் இடையே கோடு கிழிப்பது எளிதன்று. சித்த மருத்துவச் சுவடியில் உள்ள மூலிகையையே மலையில் உள்ளவர்களும் தலைமுறை தலைமுறையாகப் பறித்து வருகிறார்கள். சுவடியைக் காட்டினால் மலையேறிப் பறித்தவருக்குப் பங்கில்லை என்றாகிவிடும் வாய்ப்பைத் திருத்தம் உருவாக்கியுள்ளது.

பாரம்பரியத் தலங்களும் அரிட்டாபட்டியும்

சட்டத்தின் 37ஆவது பிரிவு, சிறப்பு மிக்க இடங்களைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களாக மாநில அரசு அறிவிக்க வழிசெய்கிறது. தேசியப் பூங்காவைப் போல மக்களை வெளியேற்றும் ஏற்பாடு அன்று இது. முதலாவது தலம் 2007இல் பெங்களூருக்கு அருகே, தேவனஹள்ளியை அடுத்த நல்லூர்ப் புளியந்தோப்பு.

தமிழ்நாட்டின் முதல் தலமாக மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.215 ஹெக்டேர் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், கண்மாய்கள், லகர் வல்லூறு உள்ளிட்ட வேட்டைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு, சமணர் படுகைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு என அனைத்தும் அங்குண்டு. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், இப்பகுதியையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் எடுக்கும் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தெரிவானதாக ஒன்றிய அரசு அறிவித்தது. ஒரு சட்டத்தின்படி பாரம்பரியத் தலம்; இன்னொரு சட்டத்தின்படி கனிமத் தொகுதி. மேலூர் வட்டாரமே திரண்டது. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஊர்மக்கள் மதுரை வரை பேரணியாகச் சென்றனர். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் முழுதும் நீக்கப்பட்டது. அந்த அறிவிப்பில், பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தின் முக்கியத்துவமும் காரணமாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. இரண்டு மாதங்களுக்குப் பின், திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயிலைச் சூழ்ந்த 4.97 ஹெக்டேர் கோயில்காடு தமிழ்நாட்டின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.